‘முதல்ல கண்ணைப் பாரு தாயி!’ - மூன்று ஆடுகளைப் பறிகொடுத்த ஆச்சி கற்றுக்கொண்ட பாடம்

கார்த்திகை மாதத்து மாலை. விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம். மேய்ச்சல் முடிந்து ஆடுகள் வீடு திரும்புகின்றன. மொத்தம் 18 உருப்படி. எல்லாம் கன்னி ஆடுகள். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விடுவது ஆச்சியின் வழக்கம். அன்று ‘சுட்டி’ வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

சுட்டியின் தாடைக்குக் கீழே ஒரு வீக்கம். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். தொட்டால் தொளதொளவென்று இருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாக மேலே வந்தது. ஆனால், ஆடு வலியில் கத்தவில்லை.

“உடைமுள்ளு குத்தியிருக்கும்” என்று ஆச்சி மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவினார். காலையில் பார்த்தால் வீக்கம் பாதி வடிந்திருந்தது. ‘சரியாப் போச்சு’ என்று நினைத்தார். சாயங்காலம் மேய்ந்துவிட்டு வந்தபோது மறுபடியும் அதே வீக்கம். மறுநாள் காலையில் குறைந்தது. மாலையில் கூடியது.

சுட்டி நன்றாகத்தான் மேய்ந்தது. புழுக்கையும் உருண்டை உருண்டையாகத்தான் போட்டது. கழிச்சல் இல்லை, இருமல் இல்லை. கூட்டத்தில் எப்போதும் முன்னால் போகிற ஆடு, கடைசியாக வரத் தொடங்கியது. அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் கண்மாய்க் கரையில் படுத்தது. எழுந்திருக்கவில்லை. வீட்டில் அதன் இரண்டு மாதக் குட்டி பாலுக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

நாலு ஆட்டில் தொடங்கிய வாழ்க்கை

கிராமப்புறத்தில் வறுமையில் இருக்கும் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-ல் தொடங்கியது. குடும்பத்துக்கு 4 ஆடுகள். அடுத்த ஆண்டு ஆச்சிக்கும் கிடைத்தது. தாத்தா இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார்கள். பேத்தியை ஆச்சிதான் வளர்த்தார்.

வெள்ளாடு இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து ஈனும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி. கிடாக்களை எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் விற்று, பெட்டைகளை வைத்துக்கொண்டார். ஓட்டை மாற்றியதும், அடகு வைத்த கம்மலைத் திருப்பியதும், பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் ஆட்டுக் காசில்தான். பேத்தி கோவில்பட்டியில் கல்லூரியில் சேர்ந்தபோதும் இரண்டு கிடாக்கள்தான் சந்தைக்குப் போயின.

சுட்டி, முதலில் வந்த நாலு ஆடுகளில் ஒன்றின் வழியில் பிறந்தது. அது போன நாலாம் நாள் இன்னோர் ஆட்டுக்குத் தாடை வீங்கியது. அதுவும் போனது.

பக்கத்து வீட்டு மதினி வந்து பார்த்துவிட்டு, “ஊர்க்கண்ணு பட்டிருக்கு மதினி. போன வாரம்தான் சந்தைக்காரன் ஒருத்தன் நின்னு எண்ணிட்டுப் போனான்” என்றார். அன்றைக்கே கொட்டடி வாசலில் வேப்பங்கொத்தும் காய்ந்த மிளகாயும் தொங்கின. கூடவே, வீட்டில் மிச்சம் இருந்த பூச்சி மருந்தையும் எடுத்து எல்லா ஆடுகளுக்கும் ஒரு வாய் ஊற்றினார் ஆச்சி.

மூன்றாவது ஆடும் சாய்ந்தபோது பேத்தி ஊரில் இருந்தாள். குழி தோண்ட ஆள் கூப்பிடப் போன ஆச்சியைத் தடுத்தாள். “பொதைக்க வேண்டாம் ஆச்சி. என்னனு தெரியாமலே எத்தனையப் பொதைப்ப?” என்றாள். இறந்த ஆட்டைச் சாக்கில் சுற்றி, தெரிந்தவரின் லோடு ஆட்டோவில் ஏற்றி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நான்காம் வயிற்றில் இருந்தது என்ன?

அங்கிருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். முதலில் ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். காகிதம்போல வெளுத்திருந்தது. பிறகு வயிற்றைத் திறந்தார்.

ஆட்டுக்கு வயிறு நான்கு அறை. கடைசி அறைதான் நம்முடைய இரைப்பை மாதிரி வேலை செய்வது. அதைப் பிளந்தபோது உள்சுவர் முழுக்கச் சிவப்பு நூல் துண்டுகளைத் தூவியதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால் சில இன்னும் நெளிந்தன. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு போன்ற உடம்பு. சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதைச் சுற்றியிருக்கும் கருப்பை.

“ஹீமாங்கஸ்னு இதுக்குப் பேரு. ரத்தம் குடிக்கிற உருண்டைப் புழு” என்றார் டாக்டரம்மா.

ஆச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. “பூச்சி இருந்தா கழிச்சல் போகணுமே டாக்டரம்மா? இது புழுக்கை நல்லாத்தான் போட்டுச்சு.”

ஆடு வளர்க்கிற பலரும் ஏமாந்துபோகிற இடம் இதுதான். எல்லாக் குடற்புழுவும் கழிச்சலை உண்டாக்குவதில்லை. நாடாப்புழு இருந்தால் புழுக்கையில் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளைத் துணுக்குகள் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அதனால் வளர்ந்த ஆடு சாவது அரிது. கண்ணுக்கே தெரியாமல் ஆளைக் கொல்வது ஹீமாங்கஸ்தான்.

ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி ரத்தம். ஒரு சொட்டு அளவுதான். ஆனால், ஓர் ஆட்டின் வயிற்றில் 1,000 புழுக்கள் இருந்தால் தினமும் 50 மில்லி போகும். 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமாக இருப்பதே ஒன்றரை லிட்டருக்கும் குறைவான ரத்தம்தான்.

ரத்தத்தோடு அதிலுள்ள புரதமும் போய்விடுகிறது. புரதம் குறைந்தால் ரத்தக் குழாயில் இருக்கும் நீர் வெளியே கசியும். தலையைக் குனிந்து நாளெல்லாம் மேய்கிற ஆட்டுக்கு அந்த நீர் தாடையில் இறங்கித் தேங்கும். இரவில் தலையைத் தூக்கிப் படுத்து அசைபோடும்போது வடியும். சுட்டிக்கு மாலையில் வீங்கிக் காலையில் வடிந்ததன் காரணம் இதுதான். முள் குத்தவுமில்லை, கண் படவுமில்லை.

அளவுக்குக் குறைந்த மருந்து

“கடைசியா எப்போ பூச்சி மருந்து குடுத்தீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“வருஷா வருஷம் ஆடியிலயும் ஐப்பசியிலயும் தவறாம குடுத்துருவேன். இப்போகூடக் குடுத்தேன்” என்றார் ஆச்சி.

“எவ்வளவு?”

“ஒரு பாட்டில் வாங்குவேன். எல்லாத்துக்கும் வர்ற மாதிரி மூடியில ஊத்திப் பங்கு வெச்சிருவேன்.”

டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பாட்டிலின் மேல் எழுதியிருப்பது எடைக்கு எவ்வளவு என்ற கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒரு பாட்டில் பாதி ஆடுகளுக்குக்கூடக் காணாது. ஒரே வகை மருந்தை, குறைந்த அளவில், வருடக்கணக்கில் எல்லா ஆடுகளுக்கும் ஊற்றியிருக்கிறார் ஆச்சி.

அளவு குறைந்தால் வலுவில்லாத புழுக்கள் மட்டும் சாகும். மருந்தைத் தாங்கக்கூடியவை பிழைத்து முட்டையிடும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். அடுத்த தலைமுறையில் தாங்குகிறவைதான் அதிகம் இருக்கும். இப்படியே போனால் ஒரு நாள் அந்த மருந்து தண்ணீருக்குச் சமம். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் குடும்பத்து மருந்துகளுக்கு இப்படிப் பழகிப்போன ஹீமாங்கஸ் உலகின் பல நாடுகளில் இருக்கிறது. இந்தியாவிலும் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளாட்டின் உடம்பு சில மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல் போகலாம். அதற்காக நாமாகக் கூட்டி ஊற்றவும் கூடாது. லெவாமிசோல் போன்ற மருந்து கொஞ்சம் கூடினாலே நஞ்சாகும். அல்பெண்டசோலைச் சினையின் ஆரம்பத்தில் கொடுத்தால் வயிற்றுக் குட்டிக்கு ஆபத்து. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் வழியில் ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னது ஒன்றுதான். “சிக்கனம்னு நெனச்சேன் தாயி. என் கையாலயே கொன்னுட்டேன்.”

பேத்திக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாதி மருந்து ஊற்றிய அதே கைதான் அவளுக்குப் பள்ளிக் கட்டணத்தையும் எண்ணிக் கொடுத்தது.

மழைக்காலத்தில் மட்டும் ஏன்?

மறுநாள் டாக்டரம்மா ஊருக்கே வந்தார். முதலில் அவர் பார்க்கக் கேட்டது ஆடுகளை அல்ல, மேய்ச்சல் இடத்தை.

கரிசலில் ஐப்பசி முதல் தை, மாசி வரை காடெல்லாம் வெள்ளாமை. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று நிற்கும்போது ஆட்டை உள்ளே விட முடியாது. கண்மாய்க் கரையும் ஓடைப் புறம்போக்கும்தான் மிச்சம். ஊர் ஆடு முழுவதும் அந்தச் சின்ன இடத்தில்தான் தினமும் மேயும். அங்கேதான் புழுக்கையும் போடும். மழை ஈரத்தில் புழுக்கைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து, ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய இளம்புழு ஆகிவிடும். புல்லில் படிந்த பனி, மழை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். அதிக உயரம் ஏறாது. பெரும்பாலும் தரையிலிருந்து நாலைந்து விரற்கடைக்குள்தான் இருக்கும்.

ஆடு அதை மேய்ந்த மூன்று வாரத்தில் இளம்புழு முட்டையிடுகிற புழுவாகிவிடும். கோடையில் காய்ந்த கரிசல் வெயிலில் இவை தாக்குப்பிடிப்பது கடினம். மழைக்காலத்தில்தான் இவற்றுக்குக் கொண்டாட்டம்.

வெள்ளாடு இயல்பிலேயே தலையைத் தூக்கிக் குழை தின்கிற பிராணி. இலந்தை, வேல், உடை என்று கிளையைப் பிடித்து மேய்ந்த காலத்தில் புழு அதன் வாய்க்கு எட்டியதில்லை. தரைப் புல்லே கதி என்று ஆகும்போதுதான் மாட்டிக்கொள்கிறது. செம்மறி அளவுக்குப் புழுவை எதிர்க்கும் சக்தியும் வெள்ளாட்டுக்குக் கிடையாது.

15 ஆடுகள், 15 கண்கள்

டாக்டரம்மா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் ஐந்து கண்களின் படம். முதல் கண்ணின் இமை உள்புறம் நல்ல சிவப்பு. அடுத்தடுத்து வெளிறி, ஐந்தாவது முழு வெள்ளை. ‘ஃபமாச்சா’ அட்டை என்று பெயர். தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் உருவாக்கிய முறை. அவர்களில் ஒருவரான ஃபாஃபா மாலனின் பெயரிலிருந்தே இந்தப் பெயரும் வந்தது.

முறை எளிது. நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி, விழியை லேசாக உள்ளே அமுக்கி, மறு கையால் கீழ் இமையை இழுத்தால் உள்சதை வெளியே துருத்தும். அதன் நிறத்தை உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும்.

ஒன்று, இரண்டு என்றால் மருந்து வேண்டாம். நான்கு, ஐந்து என்றால் உடனே மருந்து. மூன்று என்றால் யோசிக்க வேண்டும். குட்டியோ, நிறைசினையோ, மெலிந்த ஆடோ என்றால் கொடுத்துவிடுவது நல்லது. குட்டி ஈனும் சமயத்தில் தாயின் எதிர்ப்பு சக்தி குறைந்து, புழு இடும் முட்டையும் கூடிவிடும்.

மீதி இருந்த 15 ஆடுகளையும் பார்த்தார்கள். எட்டு ஆடுகளுக்குக் கண் நல்ல சிவப்பு. மூன்று நடுத்தரம். நான்கு வெளுத்திருந்தன. மூன்றில் ஒன்று நிறைசினை. ஆக, மருந்து தேவைப்பட்டது ஐந்துக்குத்தான்.

ஆச்சி பதறினார். “எல்லாத்துக்கும் ஊத்திருங்க டாக்டரம்மா. காசு போனாப் போகுது.”

“காசுக்காகச் சொல்லலம்மா” என்றார் டாக்டரம்மா. “ஒரு மந்தையில இருக்கிற புழுவுல பெரும்பகுதி கொஞ்ச ஆட்டு வயித்துலதான் இருக்கும். அதுங்களுக்கு மட்டும் குடுத்தாப் போதும். மத்த ஆட்டுல இருக்கிற புழு மருந்தையே பாக்காத புழு. அது முட்டை போட்டுட்டு இருந்தாத்தான் மருந்துக்குப் பழகுன புழு மட்டுமே பெருகாம இருக்கும். எல்லாத்துக்கும் ஊத்துனா, பிழைச்ச முரட்டுப் புழு மட்டும்தான் மிஞ்சும்.”

ஐந்து ஆடுகளையும் தொங்கு தராசில் எடை போட்டு, வேறு குடும்பத்து மருந்தை அந்த எடைக்கு முழு அளவில் கொடுத்தார்கள். தலையை அண்ணாந்து தூக்காமல், வாயின் ஓரமாக நாக்கின் பின்பக்கம் விட வேண்டும். தூக்கினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். மருந்துக்கு முன்பு எடுத்த புழுக்கையையும், இரண்டு வாரம் கழித்து எடுத்த புழுக்கையையும் பரிசோதித்து முட்டைகளை எண்ணினார்கள். எண்ணிக்கை விழுந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

ரத்தம் ஒரே நாளில் ஊறிவிடாது. உளுந்தம் பொட்டும் கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்துக் கொடுத்தார் ஆச்சி. புரதம் கிடைத்தால் ஆடு புழுவைத் தாங்கி நிற்கும். வெளுத்த இமைகள் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாயின.

இடையில் சுட்டியின் குட்டிக்கு ரத்தத்தோடு கழிச்சல் போனது. ஆச்சி பூச்சி மருந்தைத் தேடினார். பேத்தி தடுத்து, 1962-க்கு போன் செய்தாள். அது புழுவே அல்ல, ரத்தக் கழிச்சல் என்கிற காக்சிடியோசிஸ். அதற்குப் பூச்சி மருந்து கேட்காது, மருந்தே வேறு. குட்டி பிழைத்தது. ஃபமாச்சா அட்டையும் ரத்தம் குடிக்கிற புழுவுக்குத்தான். உண்ணி, ஈரல் தட்டைப்புழு ஆகியவற்றாலும் கண் வெளுக்கலாம். அட்டையைப் பார்ப்பது டாக்டரிடம் போக வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான். டாக்டருக்குப் பதில் அல்ல.

இப்போது கொட்டடியில் என்ன நடக்கிறது?

ஆச்சி இப்போது பனி காய்ந்த பிறகுதான் ஆட்டை அவிழ்க்கிறார். மழைக்காலத்தில் தொரட்டியால் குழை ஒடித்து வந்து, கட்டி உயரத்தில் தொங்கவிடுகிறார். தீவனத்தைத் தரையில் கொட்டுவதில்லை. புழுக்கையைத் தினமும் கூட்டிக் குப்பைக் குழியில் சேர்க்கிறார். மேய்ந்த இடத்துக்கே மறுநாளும் போகாமல் மாற்றி மாற்றி ஓட்டுகிறார். சந்தையில் வாங்கிய ஆட்டைக் கண் பார்த்து, புழுக்கை பரிசோதித்து, தனியே வைத்திருந்த பிறகே மந்தையில் சேர்க்கிறார். மருந்து கொடுத்த ஆட்டை எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று டாக்டரிடம் கேட்காமல் சந்தைக்கு ஓட்டுவதில்லை.

மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண் பார்க்கும் நாள். ஆச்சி ஆட்டைப் பிடிப்பார். பேத்தி கண்ணைப் பார்த்து எண்ணைச் சொல்லி நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. திரும்பத் திரும்ப நான்கு, ஐந்து வருவது ஒரே ஓர் ஆட்டுக்குத்தான். ஆச்சி செல்லமாக ‘வெள்ளச்சி’ என்று கூப்பிடும் ஆடு அது. கை நிறையப் பால் கொடுக்கும். கூப்பிட்டால் மடியில் வந்து தலையை வைக்கும்.

இப்படிப்பட்ட ஆடு மேய்ச்சல் இடத்தில் மற்ற ஆடுகளுக்கும் சேர்த்துப் புழுவை விதைக்கும். எதிர்ப்பு சக்தி குறைவு என்பது குட்டிகளுக்கும் இறங்கலாம். கழித்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டரம்மா. ஆச்சி ஒரு வருடம் தள்ளிப்போட்டார். போன தையில், பேத்தியின் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில், கயிற்றை அவரே பிடித்துக்கொண்டு எட்டயபுரம் சந்தைக்குப் போனார்.

வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்த்தார், முதுகை அமுக்கிப் பார்த்தார், விலை சொன்னார். ஆச்சி கயிற்றைக் கொடுக்கவில்லை.

“வளக்கவா, கறிக்கா?” என்று கேட்டார்.

“வளக்கத்தான் ஆத்தா.”

“அப்போ இது வேண்டாம்” என்றார் ஆச்சி. “இதுக்கு அடிக்கடி பூச்சி விழும். மருந்து குடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, கறிக்குன்னா தாரேன்.” பிறகு, அவர் பக்கத்தில் கட்டியிருந்த, அன்றைக்கு வாங்கிய இன்னோர் ஆட்டைக் காட்டினார். “அதோட கண்ணைப் பாத்தீங்களா?”

அவர் முழித்தார். ஆச்சி கீழே உட்கார்ந்து, அந்த ஆட்டின் தலையைத் தன் முழங்காலில் அணைத்து, கட்டைவிரலை இமைமேல் வைத்தார்.